இரவு 1 மணிக்கு மேல்: விளையாட்டு வீரர்கள், பப், போலீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் கௌதம்புரம், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பக்கம் ஃபுட்பால் ஆடாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பையனுக்குக் கிளப் ஒப்பந்தம் கிடைத்துக் கையில் கொஞ்சம் பணம் வந்ததும், பப்புகள் நிறைந்த இந்திராநகருக்கோ சர்ச் ஸ்ட்ரீட்டுக்கோ கூட்டிப் போக ஒரு நண்பர் எங்கிருந்தோ வந்துவிடுகிறார். அந்தப் பையன்களும், அவர்கள் வீட்டாரும், கிரிக்கெட் ரசிகர்களும் கேட்கிற கேள்விகள் இவை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுத் தகவல்தான். உங்கள் மேல் வழக்கு இருந்தால் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

போலீஸ் பப்புக்குள் வந்தால் உள்ளே இருக்கிற எல்லோர் மேலும் கேஸ் போடுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். நேரம் தாண்டித் திறந்திருப்பது, சத்தம், புகை பிடிக்கத் தனி இடம் ஒதுக்காதது எல்லாம் உரிமம் வைத்திருப்பவர் தலையில் விழுகிற குற்றங்கள். பெங்களூருவில் பப்புகளுக்கு இரவு 1 மணி வரைதான் அனுமதி. 2024 ஜூலையில், கஸ்தூர்பா சாலையில் விராட் கோலிக்குப் பங்குள்ள ஒன்8 கம்யூன் 1 மணி தாண்டியும் நடந்தது என்று கப்பன் பார்க் போலீஸ் வழக்குப் பதிந்தது. செய்தித் தலைப்பு முழுக்க கோலி பெயர். வழக்கு போடப்பட்டதோ மேலாளர் மேல். அடுத்த ஆண்டு புகை பிடிக்கும் பகுதி விவகாரத்தில் அதே இடத்தின் மேல் மறுபடியும் வழக்கு வந்தது. அப்போதும் தலைப்பில் கோலிதான்.

வாடிக்கையாளரை அடியோடு விட்டுவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் ராஜாஜிநகர்ப் பக்கம் ஒரு பப்பில் சினிமாக்காரர்களின் விருந்து விடியற்காலை வரை நீண்டது. உரிமையாளர்கள் மேல் வழக்குப் போட்ட போலீஸ், விருந்தில் இருந்த நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பி ஸ்டேஷனுக்கு வரவழைத்தது. அவர்கள் குற்றவாளிகளாக அல்ல, விசாரணைக்காகத்தான் போனார்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் கேமராக்கள் நின்றுகொண்டிருந்தன. பெயர் தெரிந்த ஆளுக்கு அந்த வாசல் படமே போதும்.

சின்ன தல சுரேஷ் ரெய்னா விஷயத்தில் என்னதான் நடந்தது? அவர் எப்படி மாட்டினார்?

சிஎஸ்கே ரசிகர்கள் இன்னும் விடாமல் கேட்கிற கேள்வி. 2020 டிசம்பர் 22 அதிகாலை, மும்பை விமான நிலையத்துக்கு அருகே ஒரு கிளப்பில் போலீஸ் சோதனை. கொரோனாக் காலம். அன்று இரவிலிருந்தே மகாராஷ்டிராவில் இரவு ஊரடங்கு தொடங்க இருந்தது. ஊழியர்களும் விருந்தினர்களுமாக 34 பேர் மேல் வழக்கு. அதில் ரெய்னாவும் பாடகர் குரு ரந்தாவாவும் இருந்தார்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, நோய் பரவும்படி அலட்சியமாக நடந்தது என்ற பழைய ஐபிசி பிரிவுகளைப் போட்டார்கள். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ரெய்னா அன்றே ஜாமீனில் வெளியே வந்தார்.

படப்பிடிப்பு நீண்டுவிட்டது, டெல்லிக்கு விமானம் ஏறுமுன் நண்பர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டார், உள்ளூர் நேரக் கட்டுப்பாடு தெரியவில்லை என்று அவர் தரப்பு விளக்கம் கொடுத்தது. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கவனித்தது வேறு. இது மேலாளரோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. பெருந்தொற்றுக் கால உத்தரவுகள் இருந்ததால்தான் விருந்தாளிகள் வரை நீண்டது. சாதாரண நாளில் சும்மா சாப்பிட வந்தவர் என்று போயிருக்கக்கூடிய ஒருவர், உத்தரவு மாறிய நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிட்டார். அப்புறம் சென்னை அணி அவரைக் கைவிடவில்லை. 2021 ஐபிஎல்லில் ஆடினார், கோப்பையும் வந்தது.

செல்ஃபி கேட்டவர்களோடு தகராறு ஆகிவிட்டால்? கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா கதை மாதிரி.

அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2023 பிப்ரவரி, மும்பை சாந்தாகுரூஸில் ஒரு நட்சத்திர ஹோட்டல். செல்ஃபி கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள், மறுபடி மறுபடி கேட்டார்கள், ஷா மறுத்தார். ஹோட்டல்காரர்கள் அந்தக் கூட்டத்தை வெளியேற்றினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் ஷாவின் நண்பருடைய காரைத் துரத்தி பேஸ்பால் மட்டையால் கண்ணாடியை உடைத்தார்கள், பணமும் கேட்டார்கள் என்பது அந்த நண்பர் கொடுத்த புகார். ஓஷிவாரா போலீஸ் எட்டுப் பேர் மேல் வழக்குப் போட்டது. சமூக ஊடகத்தில் பிரபலமான ஒரு பெண் கைதாகி ஜாமீனில் வந்தார்.

வந்தவர், தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஷா மேல் எதிர்ப்புகார் கொடுத்தார். அந்தப் புகாரில் உண்மையில்லை என்று போலீஸ் நீதிமன்றத்தில் சொன்னது. ஆனாலும் 2024இல் மாஜிஸ்திரேட் போலீஸ் விசாரித்து அறிக்கை தரட்டும் என்றார். எஃப்ஐஆருக்கு உத்தரவிடாததை எதிர்த்து அந்தப் பெண் செஷன்ஸ் நீதிமன்றம் போனார். அங்கே பல வாய்ப்புக் கொடுத்தும் பதில் மனு போடவில்லை என்று 2025இல் ஷாவுக்கு 100 ரூபாய் செலவுத்தொகை விதித்தார்கள். நூறு ரூபாய்க்கு அன்று நாடு முழுக்கச் செய்தி. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு செல்ஃபி தகராறு இரண்டரை ஆண்டு தாண்டியும் உயிரோடு இருந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

அதனால் நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், முதல் செல்ஃபியை எடுத்துக்கொடுத்துவிடுங்கள். இரண்டாவதுக்கு முடியாது என்றால் நீங்களே வாதாடாமல் மேலாளரிடம் சொல்லுங்கள், அவர் பேசட்டும். இன்னொருவர் கையிலிருக்கும் போனைத் தட்டிவிடாதீர்கள், பிடுங்காதீர்கள். வீடியோவில் மற்றதெல்லாம் வெட்டப்பட்டு அந்த ஒரு நொடிதான் மிஞ்சும். சண்டை ஆகிவிட்டால், அந்த இடத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி மறுநாளே எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். முதலில் புகார் கொடுப்பவர் ஜெயிப்பார் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் புகாரைத் தள்ளிப்போடுகிறவர் பிறகு ‘ஏன் தாமதம்?’ என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.

அண்ணா, பவுன்சர் கையைப் பிடித்து வெளியே தள்ளினால் திருப்பி அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. பவுன்சருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. உங்களை அறையில் அடைத்து வைக்கவோ, அடிக்கவோ, சட்டைப் பையைத் துழாவவோ அவருக்கு உரிமை இல்லை. கண்ணெதிரே கடுமையான குற்றம் நடந்தால் யாரும் ஒருவரைப் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதே சமயம், இடம் அவர்களுடையது. வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான். அடித்தால் மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்துவிட்டுப் புகார் கொடுங்கள். மற்றபடி ஜிம்மில் தினம் எடை தூக்குகிற ஒரு விளையாட்டு வீரர் ஒரே ஒரு குத்து விட்டாலும், தற்காப்பு என்று நிரூபிப்பது லேசில்லை.

சின்னக் கேஸ் எப்போது பெரிய கேஸ் ஆகிறது?

போலீஸ்காரர் மேல் கை படும்போது. இதைப் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது உண்டு. இருவர் அடித்துக்கொண்டு லேசான காயம் ஏற்பட்டால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூட முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றம் அது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் ஒரு நாள் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் சமூக சேவை. இதே கலாட்டாவில் நடுவே வந்த கான்ஸ்டபிளை நெட்டித் தள்ளினால் கதையே வேறு. பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியதாக பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவு வரும். இரண்டு ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கைதானால் திங்கட்கிழமை பயிற்சிக்கு வருவீர்களா என்பது சந்தேகம்தான்.

‘நான் யார் தெரியுமா?’ என்ற வசனத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சூப்பர் டிவிஷன் லீக்கில் ஆடுகிறேன் என்று சொன்னால் இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்த முகமாக இருந்தாலோ, அதுதான் மறுநாள் செய்தி.

ஸ்டேஷனுக்கு வா என்கிறார்கள். போக வேண்டுமா?

அந்த இடத்தில் நின்று வாதாடுவதைவிடப் போவது நல்லது. போகும்போது வீட்டில் ஒருவருக்கும் அணி மேலாளருக்கும் எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் பொதுவாக நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். கைது அவசியம் என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கைது செய்தால் காரணத்தை உங்களிடமும் சொல்ல வேண்டும், உறவினர் அல்லது நண்பருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணையம் மூலம் இலவசமாக ஒருவர் கிடைப்பார்.

எஃப்ஐஆர் நகலைக் கேளுங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால்?

பெங்களூருத் தமிழர்களில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறோம். அல்சூரில் பிறந்து வளர்ந்து, கன்னடத்தில் சரளமாகச் சண்டை போடுவோம், எழுத்தைப் பார்த்தால் முழிப்போம். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால், அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். போனைக் கைப்பற்றினால் போடுகிற மகஜர் வேறு விஷயம், அதில் கையெழுத்து கேட்பார்கள். ஒருவர் படித்துச் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள். ‘ஓதி ஹேளி சார்’ என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் படித்துக் காட்டுவார்கள். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

பெண் வீராங்கனைகளுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இது கட்டாய விதி அல்ல, வழிகாட்டும் விதிதான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2025இல் சொன்னது. ஆனாலும் மீறிய அதிகாரி ஏன் மீறினார் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும். சோதனை போட்டால் பெண்தான் போட வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். இரவு 2 மணிக்கு ‘ஸ்டேஷனுக்கு வாம்மா’ என்றால் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

பார்ட்டியில் வேறு யாரோ போதைப்பொருள் வைத்திருந்தார்கள். நான் தொடவே இல்லை. எனக்கு என்ன?

மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்குத்தான் பயப்பட வேண்டும். இப்படிப்பட்ட சோதனையில் உள்ளே இருக்கும் எல்லோரையும் நிறுத்தி ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். 2012 மே 20 அன்று மும்பை ஜுஹுவில் ஒரு ஹோட்டல் விருந்தில் அப்படித்தான் நடந்தது. பிடிபட்ட 90க்கும் மேற்பட்டவர்களில் புனே வாரியர்ஸ் அணியின் ராகுல் சர்மாவும் தென்னாப்பிரிக்காவின் வேய்ன் பார்னலும் இருந்தார்கள். நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த பரிசோதனை முடிவு இருவருக்கும் எதிராக இருந்தது. ராகுல் சர்மா அப்போதுதான் இந்திய அணிக்குள் வந்திருந்த சுழற்பந்து வீச்சாளர். 2012க்குப் பிறகு இந்தியாவுக்காக அவர் ஆடவில்லை. காயமும் ஃபார்மும் அதில் எவ்வளவு, இந்த வழக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சட்டத்தில், கையில் பொருள் இல்லாவிட்டாலும் உட்கொண்டதே குற்றம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில், பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை. உங்கள் உடலைச் சோதனை போடுவதற்கு முன், கெஜடட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் தொடவே இல்லை என்றால், ரத்தப் பரிசோதனை உங்கள் எதிரி அல்ல, உங்கள் சாட்சி.

விளையாட்டு வீரருக்கு இதற்குப் பிறகு இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா. கிரிக்கெட் வாரியமும் 2019இலிருந்து அதன் கீழ்தான். போட்டிக்கு முந்தைய இரவு 11:59 மணியிலிருந்தே ‘போட்டிக் காலம்’ தொடங்கிவிடுகிறது. கொக்கெய்ன் மாதிரிப் பொருட்களைப் போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்ததாக நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதமாகக் குறையும். ககிசோ ரபாடா 2025 ஐபிஎல் நடுவே குஜராத் அணியை விட்டு ஊருக்குப் போனது நினைவிருக்கிறதா? பொழுதுபோக்குப் போதைப்பொருள் விவகாரம் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டு, ஒரு மாதத் தடையோடு திரும்பினார். அதுவே ஆட்டத்தோடு சம்பந்தப்பட்டதென்று முடிவானால் ஆண்டுக் கணக்கில் போய்விடும்.

மது உலகத் தடைப் பட்டியலில் 2018இலிருந்து இல்லை. ‘அப்படியானால் சரி’ என்று உடனே கிளம்பிவிடாதீர்கள், கோச் என்று ஒருவர் இருக்கிறார்.

கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது அல்லவா?

வழக்கு முடியும், ஒப்பந்தம் முடியாது. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் ஒரு நைட்கிளப் வெளியே சண்டையில் கைதானார். வழக்கு நிலுவையில் இருந்ததால் அந்தக் குளிர்காலத்து ஆஷஸ் தொடர் முழுக்கப் போயிற்று. 2018 ஆகஸ்டில் ஜூரி அவரை விடுதலை செய்தது. அப்படியும் அந்த ஆண்டு டிசம்பரில் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையம் எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் போட்டது. எட்டு ஆட்டமும் அவர் ஏற்கெனவே இழந்த ஆட்டங்களில் கழிந்துவிட்டன என்பது வேறு விஷயம். டேவிட் வார்னர் 2013இல் பர்மிங்ஹாம் பாரில் ஜோ ரூட்டை அடித்தபோது போலீஸ் வழக்கே இல்லை. ஆஸ்திரேலிய வாரியம்தான் அபராதம் போட்டு ஆஷஸ் தொடங்கும்வரை உட்கார வைத்தது.

காரணம் எளிது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானதா என்று நீதிமன்றம் பார்க்கிறது. அணியின் பெயரைக் கெடுத்தாயா என்று மட்டும்தான் அணி பார்க்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் சம்பளப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் அதையும் படித்துப் பாருங்கள்.

யாரோ தெரியாதவர் பில் கட்டிவிட்டார். வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. சூதாட்டக்காரர்கள் அறிமுகமாகும் வழிகளில் இரவு விருந்தும் ஒன்று. 2013 ஸ்பாட் ஃபிக்ஸிங் விவகாரத்துக்குப் பிறகு ஐபிஎல் ஆட்டம் முடிந்ததும் நடந்துவந்த விருந்துகளையே கிரிக்கெட் வாரியம் நிறுத்த முடிவெடுத்தது. சூதாட்டக்காரர் அணுகியதைச் சொல்லாமல் மறைப்பதும் குற்றம்தான். ஷகிப் அல் ஹசனுக்கு 2019இல் கிடைத்த தடை அதற்காகத்தான். உங்கள் பில்லை நீங்களே கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பீர்தான். வண்டி ஓட்டலாமா?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. யாருடைய உடம்பில் ஒரு பீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஊதச் சொன்னால் ஊதித்தான் ஆக வேண்டும். முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். முன்னாள் கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளி 2022இல் பாந்த்ராவில் இதே மாதிரிக் கைதாகி ஜாமீனில் வந்தபோது ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தது, அப்படியும் செய்தி ஆனது. ஆட்டோவோ டாக்ஸியோ பிடியுங்கள்.

மும்பை, டெல்லிக்கு ஆடப் போனால் இதே விதிகள்தானா?

மத்தியச் சட்டங்கள் ஒன்றுதான். மது விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெங்களூருவில் 21 வயது என்றுதான் நடைமுறை. டெல்லியில் 25. மகாராஷ்டிராவில் பீர், ஒயினுக்கு 21, மற்றதற்கு 25, அதோடு குடிப்பதற்கே பெர்மிட் வேண்டும் என்ற பழைய சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. பெர்மிட் ரூம் என்று பலகை தொங்குவது அதனால்தான். 22 வயதில் இங்கே சட்டப்படி குடித்துப் பழகியவர், டெல்லியில் அணி ஹோட்டல் பாரிலேயே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார். மூடும் நேரமும் ஊருக்கு ஊர் வேறு, ரெய்னா தரப்பு சொன்ன அதே சிக்கல். போய் இறங்கியதும் அணி மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.